ஃபிலிம் இருந்த இடத்தில் ஒரு வண்ணத்துப்பூச்சிச் சிறகு

ஜன்னல் விளிம்பில் உதிர்ந்து கிடந்த வண்ணத்துப்பூச்சியின் சிறகுத் துணுக்கு ஒன்றைச் சென்ற வாரம் படம் எடுத்தேன். படத்தின் முழு அகலத்துக்கும் அந்தச் சிறகில் 9 மி.மீ. மட்டுமே அடங்கியது. வெறும் கண்ணுக்குப் பழுப்புப் பொடி தூவியது போல் இருந்த இடத்தில், கூரைக்கு ஓடு வேய்ந்தது போல் செதில்கள் வரிசை வரிசையாக ஒன்றின் மேல் ஒன்று படிந்திருந்தன. ஒரு செதிலின் நீளம் ஏறத்தாழ 0.1 மி.மீ., அகலம் அதில் பாதி. ஓர் இடத்தில் ஒரே ஒரு செதில் மட்டும் கழன்று போயிருந்தது. அதன் காம்பு செருகியிருந்த சிறு குழி, ஓடு விலகிய இடத்தில் தெரியும் மரச்சட்டம் போல் தெளிவாகத் தெரிந்தது. இந்தப் படத்துக்கு நான், மிக அருகில் படம் எடுப்பதற்கென்றே செய்யப்படும் மேக்ரோ லென்ஸ் எதையும் பயன்படுத்தவில்லை. கேமராவில் வழக்கம் போல் பொருத்திய 200 மி.மீ. டெலிபோட்டோ லென்ஸ், அதன் முகத்தோடு முகம் சேர்த்துத் தலைகீழாகத் திருகிய பழைய 50 மி.மீ. லென்ஸ், இரண்டையும் பிடித்துக்கொண்டிருக்கும் ஓர் அலுமினிய வளையம் ஆகிய மூன்றும்தான் கருவி.

இந்த முறையை நான் கற்றுக்கொண்டபோது எனக்குக் கிடைத்தது ஒரு சூத்திரம் மட்டுமே: டெலி லென்ஸின் குவியத் தூரத்தை (200 மி.மீ., 50 மி.மீ. என்று லென்ஸின் பெயரில் வரும் எண்) திருப்பிய லென்ஸின் குவியத் தூரத்தால் வகுத்தால் உருப்பெருக்கம் கிடைக்கும். சூத்திரம் சரியானதுதான். ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டு தொடங்கிய எனக்குப் பல மாதங்கள் வரை நான்கு மூலைகளும் கறுத்த படங்களே கிடைத்தன. ஒளி நுழையும் துளையை எந்த லென்ஸில் குறைப்பது, எந்த வளையத்தை எங்கே நிறுத்துவது, பொருளை எவ்வளவு தொலைவில் வைப்பது என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தட்டுத்தடுமாறித் தேட வேண்டியிருந்தது. இரண்டு லென்ஸ்களுக்கும் நடுவே ஒளி எப்படிப் போகிறது என்பதை ஒரு நாள் தாளில் வரைந்து பார்த்த பிறகுதான் இந்தக் கேள்விகள் எல்லாவற்றுக்கும் விடை ஒன்றே என்பது தெரிந்தது. அதை விரிவாகச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

ஒரு லென்ஸை முடிவிலிக்குக் குவித்துத் தொலைவில் உள்ள மலையைப் படம் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். மலையின் ஒரு புள்ளியிலிருந்து வரும் கதிர்கள் லென்ஸை அடையும்போது ஏறக்குறைய இணைக்கதிர்களாக இருக்கின்றன. லென்ஸ் அவற்றை மடக்கி ஃபிலிமின் மீது ஒரு புள்ளியில் சேர்க்கிறது. ஒளியின் பாதை எப்போதும் திருப்பக் கூடியது. ஆகவே, ஃபிலிம் இருந்த அதே இடத்தில் ஓர் ஒளிப்புள்ளியை வைத்தால், அதிலிருந்து விரியும் கதிர்கள் லென்ஸின் வழியாகப் பின்னோக்கிச் சென்று, முன்கண்ணாடி வழியே இணைக்கதிர்களாக வெளியேறும். இப்போது அந்த முன்கண்ணாடிக்கு எதிரே, முடிவிலிக்குக் குவிக்கப்பட்ட இன்னொரு லென்ஸை வைத்தால், அது அந்த இணைக்கதிர்களை மலையிலிருந்து வந்தவையாகவே எடுத்துக்கொண்டு தன் சென்சாரின் மீது சேர்த்துவிடும். டெலி லென்ஸ் தன் இயல்பான வேலையைத்தான் செய்கிறது. திருப்பிய லென்ஸும் தன் இயல்பான வேலையையே பின்னிருந்து முன்னாகச் செய்கிறது. சிறகுத் துணுக்கு, அந்தப் பழைய லென்ஸுக்கு ஒரு காலத்தில் ஃபிலிம் இருந்த இடத்தில் இருக்கிறது.

இன்றைய நுண்ணோக்கிகளின் அமைப்பும் இதுவேதான். முடிவிலிக்குத் திருத்தப்பட்ட பொருளருகு லென்ஸ் இணைக்கதிர்களை அனுப்ப, அதன் பின்னால் உள்ள குழாய் லென்ஸ் அவற்றைப் பிம்பமாக்குகிறது. நிக்கான் நுண்ணோக்கிகளில் அந்தக் குழாய் லென்ஸின் குவியத் தூரம் 200 மி.மீ. ஆகவே, 200 மி.மீ. டெலி லென்ஸின் முன்னால் 50 மி.மீ. லென்ஸைத் திருப்பி மாட்டும் ஒருவர், தம் கையாலேயே ஒரு 4 மடங்கு நுண்ணோக்கியைக் கட்டியிருக்கிறார் என்று சொல்வதில் மிகை எதுவும் இல்லை.

இந்தப் படத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் சூத்திரம் தானாகவே புரியும். 200-ஐ 50-ஆல் வகுத்தால் 4. 135-ஐ 50-ஆல் வகுத்தால் 2.7, 100 மி.மீ. லென்ஸின் முன் அதே 50 மி.மீ. என்றால் 2, 200-இன் முன் 28 மி.மீ. அகலக்கோண லென்ஸைத் திருப்பினால் 7-க்குச் சற்று மேல். மேக்ரோ என்று பெயர் பெற்ற பெரும்பாலான லென்ஸ்கள் 1 மடங்கில், அதாவது பொருளின் உண்மையான அளவு சென்சாரில் விழும் நிலையில் நின்றுவிடுகின்றன. 1999-இல் வந்த கேனான் எம்பி-இ 65 மி.மீ. லென்ஸ் 1 முதல் 5 மடங்கு வரை செல்லும் அரிய விதிவிலக்கு. இரண்டு லென்ஸ்களும் முடிவிலியில் நிற்கும்போது மட்டுமே இந்தக் கணக்கு சரியாக வரும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பல டெலி லென்ஸ்கள் அருகில் குவிக்கும்போது தம் குவியத் தூரத்தையே சற்றுக் குறைத்துக்கொள்கின்றன.

வேறொரு வகையிலும் இதைப் பார்க்கலாம். லென்ஸின் முகத்தில் திருகும் குளோசப் கண்ணாடிகளின் வலிமையை டையாப்டரில் சொல்வார்கள். 1000-ஐ மில்லிமீட்டரில் உள்ள குவியத் தூரத்தால் வகுத்தால் அது கிடைக்கும். பலரும் விரும்பிப் பயன்படுத்தும் ரேனாக்ஸ் டிசிஆர்-250 கண்ணாடியின் வலிமை 8 டையாப்டர். திருப்பிய 50 மி.மீ. லென்ஸின் வலிமை 20 டையாப்டர். அதுவும், ஐந்தாறு கண்ணாடிகளைக் கொண்டு, நிறங்கள் வெவ்வேறு இடத்தில் குவியும் நிறப்பிறழ்ச்சியும் விளிம்புக் கதிர்கள் வேறிடத்தில் குவியும் கோளப்பிறழ்ச்சியும் கவனமாகத் திருத்தப்பட்ட 20 டையாப்டர். அலமாரியில் தூசி படிந்து கிடக்கும் பழைய லென்ஸ் ஒன்றுக்குள் இப்படி ஒரு கண்ணாடி ஒளிந்திருக்கிறது என்பது எனக்கு இன்றும் மகிழ்ச்சி தரும் செய்தி.

பொருளிலிருந்து எவ்வளவு தொலைவில் நிற்பது என்ற கேள்விக்கும் இதே படத்திலிருந்து விடை வருகிறது. எஸ்எல்ஆர் கேமராக்களில் லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவே, காட்சியை நாம் கண்வைத்துப் பார்க்கும் சாளரத்துக்குத் திருப்பிவிடும் முகம்பார்க்கும் கண்ணாடி ஒன்று மேலும் கீழும் எழுந்தாட இடம் வேண்டும். அதற்காகவே, லென்ஸைக் கேமராவில் பொருத்தும் மவுண்ட் வளையத்திலிருந்து ஃபிலிம் வரையுள்ள தூரத்தைப் பெரிதாக வைத்தார்கள்: நிக்கான் எஃப் மவுண்டில் 46.5 மி.மீ., எம்42 திருகு மவுண்டில் 45.46 மி.மீ., கேனான் இஎஃப் மவுண்டில் 44 மி.மீ. லென்ஸைத் திருப்பியதும் அந்தத் தூரமே நமக்கும் பொருளுக்கும் இடையிலான இடைவெளியாகிவிடுகிறது. பின்பக்கம் துருத்திக்கொண்டிருக்கும் பாகங்களைக் கழித்தால் சுமார் 40 மி.மீ. மிஞ்சும். 28 மி.மீ. அகலக்கோண லென்ஸும் அதே கண்ணாடிக்கு இடம்விட வேண்டியிருந்ததால், 7 மடங்கிலும் ஏறக்குறைய அதே இடைவெளி கிடைக்கிறது. கண்ணாடி இல்லாத புதிய கேமராக்களுக்கான லென்ஸ்களில் நிலைமை வேறு. சோனி இ மவுண்டில் அந்தத் தூரம் 18 மி.மீ., நிக்கான் இசட்டில் 16 மி.மீ. அவற்றைத் திருப்பினால் லென்ஸின் விளிம்பு பொருளின் மீது ஏறக்குறைய உட்கார்ந்துவிடும். ஒளி பாய்ச்ச இடமே இருக்காது. எனவே திருப்புவதற்குப் பழைய எஸ்எல்ஆர் லென்ஸ்தான் ஏற்றது என்று தயங்காமல் சொல்வேன். அதன் குவிய வளையத்தையும் முடிவிலியிலேயே நிறுத்திவிட வேண்டும். வேறு எங்கு நிறுத்தினாலும் கண்ணாடிகள் குழலுக்குள் பின்வாங்கி, அந்த 40 மி.மீ. இடைவெளி வீணாகக் குறையும்.

இந்த இணைப்பு ஏன் இவ்வளவு கூர்மையாக இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு ஒரு சிறு கணக்கு. 36 × 24 மி.மீ. சென்சாரின் மூலைவிட்டம் 43 மி.மீ. சொச்சம். 4 மடங்கில் அதற்குள் அடங்கும் பொருளின் மூலைவிட்டம் 11 மி.மீ. கூட இல்லை. 43 மி.மீ. விட்டமுள்ள பிம்பத்தைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்ட 50 மி.மீ. லென்ஸின் நடுவில் உள்ள 11 மி.மீ. வட்டத்தை மட்டுமே நாம் பயன்படுத்துகிறோம். எந்த லென்ஸிலும் மிகச் சிறந்த பகுதி அதன் நடுப்பகுதியே. அதே சமயம் அந்த நடுப்பகுதியிடம் நாம் கேட்கும் நுட்பம் நான்கு மடங்கு அதிகம் என்பதையும் மறக்கக் கூடாது. துளையை எஃப் 1.8-இல் முழுதும் திறந்து வைத்தால் (எஃப் எண் என்பது குவியத் தூரத்தைத் துளையின் விட்டத்தால் வகுத்தால் வருவது; எண் சிறிதானால் துளை பெரிது) விளிம்புகளைச் சுற்றி ஒரு பால்நிற மூட்டம் படர்கிறது. எஃப் 4-க்கு வந்ததும் அது துடைத்தாற்போல் மறைந்துவிடுகிறது.

இங்கே துளையைப் பற்றிப் பேச வேண்டும். திருப்பிய லென்ஸை முழுதும் திறந்து வைத்துவிட்டு, டெலி லென்ஸின் துளையைக் குறைக்க வேண்டும் என்ற அறிவுரையைப் பல இடங்களில் காண்கிறோம். மூலைகள் கறுக்காமல் இருக்க அதுவே வழி என்று காரணமும் சொல்லப்படுகிறது. நானும் அதைத்தான் நம்பினேன். என் கறுத்த மூலைகளுக்கு அதுவே காரணமாக இருந்தது. டெலி லென்ஸ் 200 மி.மீ. எஃப் 4 என்றால் அதன் துளையின் விட்டம் 50 மி.மீ. திருப்பிய 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸின் துளை 28 மி.மீ. மட்டுமே. ஆகவே டெலியில் எஃப் 4-லிருந்து எஃப் 5.6-க்கு மாற்றினால் படத்தின் நடுவில் எந்த மாற்றமும் ஏற்படாது. ஒளியை அடக்குவது அப்போதும் முன்னால் உள்ள 28 மி.மீ. துளைதான். எஃப் 7-ஐத் தாண்டிய பிறகே டெலியின் துளை வேலை செய்யத் தொடங்குகிறது, தொல்லையும் அப்போதே தொடங்குகிறது.

தொல்லை எங்கிருந்து வருகிறது என்பதைக் கணக்கிலேயே காணலாம். படத்தின் மூலைக்குச் செல்லும் கதிர்க்கற்றை இரு லென்ஸ்களுக்கும் நடுவே சுமார் 6 பாகை சாய்ந்து செல்கிறது. டெலியின் துளை அதன் குழலுக்குள் ஆழத்தில் இருக்கிறது. அதற்கும் திருப்பிய லென்ஸின் துளைக்கும் இடையே 150 மி.மீ. இருப்பதாக வைத்துக்கொண்டால், 6 பாகைச் சாய்வில் கற்றை 16 மி.மீ. பக்கவாட்டில் விலகிவிடும். டெலியை எஃப் 16-க்குக் குறைத்தால் அதன் துளை 12.5 மி.மீ. ஆகிறது. அந்தச் சிறு துளைக்குள் நுழைய வேண்டிய மூலைக்கற்றை, முன்னால் உள்ள லென்ஸில் நடுவிலிருந்து 16 மி.மீ. தள்ளி வந்தாக வேண்டும். அந்த லென்ஸின் ஆரமோ 14 மி.மீ. மட்டுமே. கற்றையின் பெரும்பகுதி அதன் விளிம்பில் மோதி நின்றுவிடுகிறது, மூலை கறுத்துவிடுகிறது. இதற்கு மாறாக டெலியை முழுதும் திறந்துவிட்டுத் திருப்பிய லென்ஸை எஃப் 4-க்குக் குறைத்தால், அதே 12.5 மி.மீ. துளை இப்போது முன்னால் அமைகிறது. கற்றை 16 மி.மீ. விலகி டெலியை அடைந்தாலும், அங்கே 25 மி.மீ. ஆரமுள்ள வாசல் திறந்திருக்கிறது. தடையின்றி உள்ளே போய்விடும். கூர்மை ஆழம், அதாவது கூர்மையாகத் தெரியும் பகுதியின் தடிமன், இரண்டு வழியிலும் ஒன்றுதான், கறுப்பு மட்டும் இல்லை. லென்ஸுக்கு லென்ஸ் இந்த அளவுகள் மாறும் என்றாலும், நான் சோதித்த இணைகள் எல்லாவற்றிலும் முன்னால் குறைப்பதே நல்ல பலன் தந்தது.

டெலி லென்ஸ் நீளமாக இருப்பது ஏன் நல்லது என்பதும் இங்கே விளங்கும். குவியத் தூரம் கூடக்கூட மூலைக்கற்றையின் சாய்வு குறைகிறது. 50 மி.மீ. லென்ஸின் முன்னால் இன்னொரு 50 மி.மீ. லென்ஸைத் திருப்பினால் சாய்வு 23 பாகை ஆகிவிடும். படம் நடுவே ஒரு வட்டமாகச் சுருங்கிவிடும். 100 மி.மீ.க்குக் கீழே உள்ள எதையும் பின்னால் வைக்க நான் பரிந்துரைக்க மாட்டேன். 70-200 போன்ற ஜூம் லென்ஸ்களும் 200 முனையில் நன்றாகவே வேலை செய்கின்றன; 70 பக்கம் திருப்பத் திருப்ப வட்டம் தோன்றுவதைக் கண்கூடாகப் பார்க்கலாம்.

இணைக்கும் வளையத்தின் இரு பக்கமும் வெளிமரை இருக்க வேண்டும். லென்ஸின் முகப்பில் ஃபில்டர் திருகுவதற்காக உள்ள உள்மரையில் அது இறங்கும். எந்த அளவு என்பது லென்ஸின் முகப்பிலேயே, குறுக்கே கோடிட்ட வட்டக் குறிக்கு அருகில் எழுதப்பட்டிருக்கும்: 49, 52, 58, 67, 77 என்று. இரண்டும் ஒரே அளவாக இருப்பது அரிது என்பதால், சிறிய அளவுக்கு இணைப்பு வளையம் ஒன்றையும், மீதிக்கு அளவு மாற்றும் ஸ்டெப் வளையம் ஒன்றையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் வளையங்களை அடுக்கிக்கொண்டே போகக் கூடாது. இரண்டு கண்ணாடிகளுக்கும் நடுவே கூடும் ஒவ்வொரு மில்லிமீட்டரும் மூலையிலிருந்து எடுத்துக்கொள்ளப்படுகிறது. அலுமினிய மரைகள் சில சமயம் ஒன்றோடொன்று இறுகிக் கழற்ற முடியாமல் போகும். அப்போது இடுக்கியைத் தேடக் கூடாது. வளையத்தைச் சுற்றி ஓர் அகலமான ரப்பர் பட்டையை மாட்டி, உள்ளங்கை முழுவதாலும் சீராகப் பிடித்துத் திருகினால் கழன்றுவிடும். விரல் நுனிகளால் அழுத்தினால் வளையம் நீள்வட்டமாக நசுங்கி இன்னும் இறுகும்.

எடையையும் கவனிக்க வேண்டும். எஃப் 1.8 வகை 50 மி.மீ. லென்ஸின் எடை 150 முதல் 200 கிராம்தான் என்றாலும், அது தொங்குவது ஃபில்டர் மரையில். குவிக்கும்போது முன்குழல் நீண்டு சுருங்கும் டெலி லென்ஸாக இருந்தால், அதன் மோட்டார் இந்த எடையை இழுக்கப் பிறந்ததன்று. தானியங்கிக் குவிப்பை அணைத்துவிட்டு முடிவிலியில் நிறுத்துவதே நல்லது. குவிப்பு வேலையைக் கேமராவையோ பொருளையோ முன்பின் நகர்த்தித்தான் செய்யப் போகிறோம்.

திருப்பிய லென்ஸின் பின்கண்ணாடி இப்போது வெளியுலகைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. கேமராவின் இருட்டுக்குள் பாதுகாப்பாக இருப்பதற்காகச் செய்யப்பட்ட கண்ணாடி அது. தூசியும் கீறலும் அதற்குப் பழக்கமில்லை. ஒரு முறை காய்ந்த தண்டின் முனை என் லென்ஸின் பின்கண்ணாடியைத் தொட்டு மெல்லிய கோடு ஒன்றைப் போட்டுவிட்டது. அன்றிலிருந்து பின்மூடி ஒன்றின் நடுவில் வட்டமாகத் துளையிட்டு, உட்புறம் கறுப்புத் தாள் ஒட்டி, அதையே கவசமாக மாட்டி வைத்திருக்கிறேன். பக்கவாட்டிலிருந்து வரும் ஒளி கண்ணாடியில் நேரே படுவதையும் அது தடுக்கிறது. முன்பு வெளிறித் தெரிந்த நிழல்கள் இந்தச் சின்ன மூடிக்குப் பிறகு நன்றாக ஆழ்ந்துவிட்டன.

பழைய லென்ஸில் துளையை மாற்றும் வளையம் இருக்கிறதா என்று வாங்கும் முன் பார்க்க வேண்டும். வளையம் இருக்கும் நிக்கான் லென்ஸை உடலிலிருந்து கழற்றியதும், வளையத்தில் வைத்த எண்ணுக்குத் துளை தானாகவே சுருங்கி நிற்கும். நமக்கு வேண்டியதும் அதுதான். வளையம் இல்லாத ஜி வகை லென்ஸ்கள் கழற்றியதும் ஒரேயடியாக மூடிக்கொள்கின்றன. பின்பக்க நெம்புகோலை எதையாவது வைத்து நிறுத்தினால்தான் ஒளி வரும். கேனான் இஎஃப் லென்ஸ்களின் துளை மின்சாரத்தால் இயங்குவது. அவற்றை உடலில் மாட்டி, வேண்டிய எண்ணை வைத்து, கூர்மை ஆழத்தை முன்கூட்டிப் பார்க்கும் பொத்தானை அழுத்தியபடியே கழற்றினால் துளை அந்த அளவிலேயே நின்றுவிடும்.

துளை எஃப் 4-இல் இருந்தாலும் சென்சார் அதை எஃப் 4-ஆகப் பார்ப்பதில்லை. திருப்பிய லென்ஸின் எண்ணை உருப்பெருக்கத்தால் பெருக்கினால் வருவதே நடைமுறை எண்: 4 மடங்கில் எஃப் 16. எஃப் 5.6 வைத்தால் 22. எஃப் 8 வைத்தால் 32. கேமரா பதிவுசெய்யும் தகவலில் டெலியின் எண் மட்டுமே இருப்பதால் இது நம் கண்ணில் படுவதில்லை. ஆனால் ஒளியின் விளிம்பு விளைவு (சிறு துளையில் புகும் ஒளி விரிந்து படத்தை மங்கச் செய்வது) இந்த நடைமுறை எண்ணைத்தான் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. கூர்மை ஆழத்துக்கு ஆசைப்பட்டு எஃப் 11 வரை மூடிய படங்களில் செதில்களின் மீதுள்ள நீளவாட்டுக் கோடுகள் கரைந்துபோனதைப் பார்த்த பிறகு, நான் 4-க்கும் 5.6-க்கும் நடுவிலேயே நிற்கிறேன். சென்சாரில் ஒட்டியிருக்கும் தூசியும் இந்த எண்களில் கரும்புள்ளிகளாகத் தெளிவாகத் தெரியும் என்பதால், படம் எடுக்கும் முன் சென்சாரைத் துப்புரவாக வைத்துக்கொள்வது பிறகு செய்ய வேண்டிய வேலையைக் குறைக்கும்.

இவ்வளவு ஒளியை இழந்த பிறகு ஃபிளாஷ் இல்லாமல் வேலை நடப்பது கடினம். ஒளியின் அளவுக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. 4 மடங்கில் பொருளின் அசைவும் கேமராவின் நடுக்கமும் 4 மடங்காகவே சென்சாரில் விழுகின்றன. மேசையருகே ஒருவர் நடந்து போனாலே படம் மங்கிவிடும். குறைந்த வலிமையில் வைத்த ஃபிளாஷின் வெளிச்சம் வினாடியின் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரமே நீடிப்பதால், நடுக்கத்துக்கு அவகாசமே கிடைப்பதில்லை. ஆனால் அந்த வெளிச்சத்தை நேரடியாகப் பாய்ச்சினால் செதில்களெல்லாம் வெள்ளைப் பொட்டுகளாகத் தெறிக்கும். ட்ரேஸிங் தாளை ஒரு குழாயாகச் சுருட்டி, பொருளைச் சுற்றிலும் நிறுத்தி, அதன் வெளியிலிருந்து இரண்டு பக்கமும் ஃபிளாஷ் அடிப்பது எனக்குப் பிடித்த ஏற்பாடு. 40 மி.மீ. இடைவெளியின் அருமை இப்போதுதான் தெரியும்; குழாய் அதற்குள் சரியாக உட்காருகிறது.

கூர்மை ஆழத்தைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. 4 மடங்கில் எஃப் 4-இல் கூர்மையாகத் தெரியும் பகுதியின் தடிமன் சுமார் 0.035 மி.மீ.; ஒரு தலைமுடியின் தடிமனை விடக் குறைவு. தட்டையாக ஒட்டிய சிறகுக்கே அது போதுவதில்லை. ஆகவே குவியத்தைச் சிறிது சிறிதாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து, ஹெலிகான் ஃபோகஸ் அல்லது ஜெரீன் ஸ்டாக்கர் போன்ற மென்பொருளில் ஒன்றாக அடுக்க வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு படத்தின் கூர்மையான பகுதியும் அடுத்ததன் மீது சற்றே படிய வேண்டும் என்பதால் நான் 0.025 மி.மீ. தூரத்துக்கு ஒரு படம் எடுக்கிறேன். 2 மி.மீ. ஆழமுள்ள ஈயின் தலைக்கு 80 படங்கள். கேமராவை முன்பின் நகர்த்தும் என் சிறு தண்டவாளத்தின் திருகு ஒரு முழுச் சுற்றுக்கு 1 மி.மீ. நகர்கிறது. அதன் கைப்பிடியில் ஓர் அட்டை வட்டத்தை ஒட்டி, 40 சம பாகங்களாகக் கோடிட்டுக்கொண்டேன். ஒரு கோட்டுக்கு ஒரு படம். கோடு தவறினால் மூட்டப் பட்டை ஒன்று ஈயின் முகத்துக்குக் குறுக்கே ஓடிவிடும். திருகை எப்போதும் ஒரே திசையில்தான் திருப்ப வேண்டும். திசை மாற்றினால் மரையின் தளர்ச்சி முதல் சில கோடுகளை விழுங்கிவிடும்.

உயிருள்ள பூச்சிகளை இப்படி எடுக்க முடியுமா என்று கேட்கலாம். அதிகாலையில் குளிர்ந்து அசையாதிருக்கும் பூச்சியை ஓரிரு படங்கள் எடுக்கலாம். எண்பது படங்களுக்கு அது காத்திருக்காது. அதற்காகப் பூச்சியைக் குளிர்பெட்டியில் அடைத்து மரத்துப்போகச் செய்வதும், கொன்று ஊசி குத்துவதும் எனக்கு ஏற்புடையவை அல்ல. விளக்கடியிலும் ஜன்னல் ஓரத்திலும் தாமாக இறந்து கிடப்பவையே போதும் போதும் என்கிற அளவுக்குக் கிடைக்கின்றன. பூக்கள் இன்னும் பொறுமையானவை. செம்பருத்தியின் மகரந்த மணி, மகரந்த மணிகளில் பெரியவற்றுள் ஒன்று, 0.1 மி.மீ.க்கு மேல் விட்டமுள்ள அந்த உருண்டையின் மேனியெங்கும் முட்கள் இருப்பதை 4 மடங்கில் எளிதாகப் பார்க்கலாம். காலையில் மலர்ந்த பூவை உடனே எடுப்பது நல்லது. மாலைக்குள் பூ வாடிச் சுருளத் தொடங்கிவிடும்.

புதிதாகக் கட்டிய எந்த இணையையும் முதலில் ஓர் எஃகு அளவுகோலின் மீது சோதித்துவிடுவது என் வழக்கம். கோடுகளுக்குச் சரியாக நேரே நிறுத்தி ஒரு படம் எடுத்து, படத்தின் அகலத்தில் எத்தனை மில்லிமீட்டர் அடங்குகிறது என்று எண்ணினால், 36-ஐ அதனால் வகுத்து உண்மையான உருப்பெருக்கத்தை அறியலாம். என் இணையில் 9 கோட்டிடைவெளிகளும் பத்தாவதின் ஒரு கீற்றும் தெரிகின்றன. அதாவது 4-க்குச் சற்றே குறைவு. அளவுகோலை 45 பாகை சாய்த்து இன்னொரு படம் எடுத்தால், எங்கே கூர்மை தொடங்கி எங்கே முடிகிறது என்பதும் அதிலேயே பதிந்துவிடும். அந்த மில்லிமீட்டர் கோடுகள் உண்மையில் எஃகில் அரித்த சொரசொரப்பான வாய்க்கால்கள் என்பதையும், அவற்றின் கரைகளில் துரு பூத்திருப்பதையும் நான் முதன்முதலில் அப்போதுதான் பார்த்தேன்.

இப்போது மேசையில் இருப்பது 28 மி.மீ. எஃப் 2.8 லென்ஸ். வீட்டு ஈயின் கூட்டுக்கண்ணில் உள்ள ஒவ்வொரு சிற்றறையின் அகலமும் ஏறத்தாழ 0.02 மி.மீ.; 4 மடங்கில் அவை தேன்கூட்டு வலைபோல் தெரிந்தாலும், அறைகளுக்கு நடுவே முளைத்திருக்கும் நுண்மயிர்கள் பிடிபடவில்லை. 7 மடங்கில், துளையை எஃப் 2.8-இல் வைத்தால், கூர்மை ஆழம் 0.017 மி.மீ. அளவுக்குச் சுருங்கும், ஒரு படத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவே 0.0125 மி.மீ.க்கு மேல் நகரக் கூடாது. 40 கோடுகள் உள்ள என் அட்டை வட்டம் இதற்குப் போதாது. 80 கோடுகளுடன் பெரிய வட்டம் ஒன்றை வெட்டி வைத்திருக்கிறேன். பசை காய்ந்ததும் ஈயின் இடது கண்ணிலிருந்து தொடங்க வேண்டும்.